பேக்கப் சாருக்கு நான் பேக்கப்

கல்கத்தாவில் பயந்தாங்கொள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. லேசாகக் காற்று சில்லிட்டாலே குரங்குக் குல்லாயும் மஃப்ளருமாகக் கிளம்பிவிடும் ஊர் இது. ஆனால் பயத்தையே முதலாகப் போட்டுத் தொழில் நடத்தி, அதையே மேடையேறிப் பேசிக் கைதட்டலும் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் பேக்கப் சார்தான்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இருபது வருடம் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதியவர். தொண்ணூறுகளின் நடுவில் வேலையை விட்டுவிட்டு, கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்வது, வகுப்பு எடுப்பது, கூட்டங்களில் பேசுவது என்று இறங்கிவிட்டார். பாலிகஞ்சில் ஒரு மிட்டாய்க் கடை மாடியில் ஆபீஸ். அங்கே நான் டைப்பிஸ்ட். ஹவுராவில் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா, அம்மா, நான். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

எதற்கும் ஒரு பேக்கப், அதாவது நகல், வேண்டும் என்பது சாருடைய மதம். கம்ப்யூட்டரில் உள்ளதற்கு மட்டுமல்ல. சட்டைப்பையில் இரண்டு மூக்குக் கண்ணாடி, கையில் இரண்டு கடிகாரம், மழைக்காலத்தில் இரண்டு குடை. வெளியூருக்குப் பேசப் போனால் ஹவுரா ஸ்டேஷனுக்கு இரண்டு டாக்ஸி. ஒன்றில் அவர், இன்னொன்றில் பிளாப்பிகளின் நகலோடு நான். ஒன்று மாட்டிக்கொண்டாலும் மற்றது போய்ச் சேருமாம். இரண்டும் பாலத்தின் நடுவில் அருகருகே மாட்டிக்கொள்ளும். சார் ஜன்னல் கண்ணாடியை இறக்கிக் கத்துவார்.

"எம்மா! பிளாப்பி பத்திரமா இருக்கா?"

"இருக்கு சார்" என்பேன். அது எனக்கே கேட்காது. என் டிரைவர் திரும்பிப் பார்த்து, "அப்பாகூடக் கோபமா, தீதி?" என்று இந்தியில் கேட்பார்.

வகுப்பில் சார் செய்யும் முதல் காரியம் பிளக்கைப் பிடுங்குவது. எல்லோரும் ஒரு மணி நேரம் தட்டித் தட்டி ஏதோ சேர்த்திருப்பார்கள். திடீரென்று திரை இருண்டுவிடும். "ஷொர்போநாஷ்!" என்று, சர்வநாசம் வந்துவிட்ட மாதிரி, வங்காளிப் பையன்கள் தலையில் கை வைப்பார்கள். சார் புன்னகையோடு, "பயந்தாச்சா? இப்ப பாடத்தை ஆரம்பிக்கலாம்" என்பார்.

இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிவிடும் என்று உலகமே நடுங்கிய வருடம்தான் அவருடைய பொற்காலம். போன் ஓயவில்லை. கடைசியில் ஜனவரி முதல் தேதி ஒன்றும் ஆகவில்லை. ஊரே சிரித்தது. சார் மட்டும் முகம் வெளுத்து, "ஒண்ணுமே ஆகலியேம்மா, இதுல என்னமோ இருக்கு" என்றார்.

இத்தனை பயத்தையும் நான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் வகுப்பில் ஒரு பையன் விளையாட்டாகக் கேட்டான்: "சார், பேசிக்கிட்டு இருக்கும்போதே நீங்க விழுந்துட்டா, மிச்சத்தை யார் பேசுவா?" வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"எம்மா, நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

"வீட்டுல அக்கா ஊருக்குப் போயிருக்காங்களா சார்?"

"அது இல்லம்மா. எனக்கு பேக்கப் இல்லன்னு சொல்லுதேன். ராத்திரி பூரா உறக்கமே வரல. என் பேச்செல்லாம் நீதான டைப் அடிக்க? இனிமே நீதான்."

"நானா? சார், நான் பஸ்ஸுல இறங்கணும்னு கண்டக்டர்கிட்ட சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்ல யாராவது இறங்கும்போது இறங்கித் திரும்பி நடந்து வர்றவ."

"என்னத்துக்குப் பயப்படுத? நான் செத்தாத்தானே நீ பேசணும்?"

"அப்படிச் சொல்லாதீங்க சார்."

"சரி, சாகல. மயங்கி விழுந்தேன்னு வச்சுக்கோ."

 பேச்சு முழுவதும் எனக்கு மனப்பாடம்தான். இங்கிலீஷ் பாதி புரியாது, வரிசை மட்டும் தப்பாது. ஆனால் ஒருதடவைகூட வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததில்லை. எனக்குப் பேசப் பயம். அவருக்குக் கேட்கப் பயம். "நாளைக்குப் பாப்பம்" என்று இரண்டு பேருமாகத் தள்ளிப்போட்டோம்.

சார் செருமினால் எனக்கு வேர்க்கும். பிளாஸ்கில் சுக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். தெருவில் புச்கா என்கிற பானிபூரி வண்டியைப் பார்த்தால் அவரை எதிர்ப்புறம் திருப்பினேன். அவர் மனைவி ஒருநாள் போனில், "நான்கூட இந்த மனுசனை இப்படிப் பாத்துக்கிட்டதில்லம்மா. எவ்வளவு அக்கறை உனக்கு!" என்றார். அக்கறை இல்லை அக்கா, உயிர்ப்பயம் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஒரு ஜனவரியில் பெரிய அரசாங்க ஆபீஸ் ஒன்றில் பேச்சு. கூடம் நிறைய அதிகாரிகள். வாசலில் சார் என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. முந்தின நாள் கல்யாண விருந்தில், நான் இல்லாத தைரியத்தில், ஐஸ்கிரீம் தின்றிருக்கிறார். கைகூப்பி, விரலால் மேடையைக் காட்டினார்.

எப்படி ஏறினேன் என்று தெரியாது. எதிரே வரிசை வரிசையாக மஃப்ளர்கள். மைக்கில் என் மூச்சு புயல் மாதிரி கேட்டது. 'குட்' வந்தது. 'மார்னிங்' வரவில்லை. அதற்குப் பின் எதுவுமே வரவில்லை. யாரோ இருமினார்கள். யாரோ சிரித்தார்கள்.

சார் மேடைக்கு வந்தார். எழுதுவதைச் சுவரில் காட்டும் புரொஜெக்டரில் ஒரு வெற்றுக் கண்ணாடித் தாளை வைத்து, பேனாவால் எழுத ஆரம்பித்தார். எழுத்து சுவரில் பெரிதாக விழுந்தது. 'நகல் எடுத்தால் போதாது. அது வேலை செய்கிறதா என்று முன்னாலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. தவறு என்னுடையது. இவருடையது அல்ல.'

கூடம் அதைக் கடைசி வரி வரை படித்தது. பிறகு கைதட்டல். அன்று முழுப் பேச்சையும் அவர் எழுதியே நடத்தினார். நான் பக்கத்தில் நின்று தாள் மாற்றினேன். அவருடைய பேச்சிலேயே சிறந்தது அதுதான் என்று பலர் சொன்னார்களாம். எனக்கு அந்தச் சிரிப்பு மட்டும்தான் காதில் நின்றது. கூட்டம் கலைவதற்குள் யாரிடமும் சொல்லாமல் படகுத்துறைக்குப் போய், ஹவுரா படகில் ஏறிவிட்டேன்.

வேலை போனதுதான் என்று தீர்மானமாகிவிட்டது. அவர் வாயால் கேட்பதைவிட நாமே சொல்லிக்கொண்டு வந்துவிடலாம் என்று மறுநாள் காலை போனேன். மிட்டாய்க் கடை இன்னும் திறக்கவில்லை. ஆபீஸ் படிக்கட்டில் சார் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் சட்டென்று எழுந்தார். குரல் பழைய குழாய் மாதிரி கரகரத்தது.

"வந்துட்டியாம்மா? எங்க வராமலே போயிருவியோன்னு பயந்துட்டேன்."

அவர் எத்தனையோ பயந்து நான் பார்த்திருக்கிறேன். என்னை இழந்துவிடுவோமோ என்று ஒருவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.