மேல் ஓரம் இல்லாத பேப்பர்

இன்று முதல் செய்தி பார்க்க மாட்டேன், கேட்க மாட்டேன், படிக்க மாட்டேன் என்று இஸ்திரிப் பெட்டியின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். பெட்டி சூடாக இருந்தது. பாதியில் கையை எடுத்துவிட்டேன். ஆகவே அது பாதிச் சத்தியம்தான் என்பது என் கட்சி. என் மனைவியின் கட்சி வேறு. எங்கள் வீட்டில் எந்தத் தேர்தல் வந்தாலும் ஆளுங்கட்சி அவள்தான்.

நான் துணி தேய்ப்பவன். வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு மேசை, ஒரு பெட்டி, கம்பியில் தொங்கும் துணிகள், தேய்த்ததைச் சுற்றிக் கொடுக்கக் கட்டுக் கட்டாகப் பழைய பேப்பர். பின்னறையில் என் மனைவி உட்கார்ந்து, அறுந்துபோன சட்டைப் பொத்தான்களைத் தைப்பாள். நடுவில் கதவு இல்லை, திரைதான். அந்தப் பக்கம் என்ன நடந்தாலும் எனக்குத் தெரியாது. இந்தப் பக்கம் நான் பெருமூச்சு விட்டால்கூட அவளுக்குக் கேட்கும்.

சத்தியத்துக்குக் காரணம் என் பேத்தி. மூன்று வயது. மகள் இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். காலையில் வேலைக்குப் போகும்போது குழந்தையை எங்களிடம் விட்டுவிட்டுப் போவாள். ஒரு நாள் தொலைக்காட்சியில் நாலு பேர் விவாதம் செய்தார்கள். நான் ஐந்தாவது ஆளாகச் சேர்ந்துகொண்டேன். "ராஜினாமா செய்!" என்று நான் போட்ட சத்தத்தில் குழந்தை மேசைக்கு அடியில் புகுந்தது. அவள் அம்மா வரும்வரை வெளியே வரவில்லை.

மறுநாள் மகள் தனியாக வந்தாள்.

"அப்பா, தூக்கத்துல திடுக்கு திடுக்குனு எழுந்து அழறா."

"நான் அவளையா திட்டினேன்? மந்திரியைத் திட்டினேன்."

"மந்திரிக்குக் கேக்கல. அவளுக்குத்தான் கேட்டுது."

நான் அதிகம் படிக்கவில்லை, நாலாம் வகுப்போடு சரி. ஆனால் பேச்சில் தோற்றதில்லை. அன்றைக்குத் தோற்றேன்.

"மனநல டாக்டரைப் பாருங்க. இருபத்தொரு நாள் செய்திப் பக்கமே போகாதீங்க. அப்புறம் குழந்தையைக் கூட்டிட்டு வர்றேன். நடுவுல ஏமாத்தினீங்கன்னு தெரிஞ்சுது, பேத்தியை போட்டோவுலதான் பார்க்கணும்."

அவள் அம்மாவின் பெண். சொன்னால் சொன்னதுதான்.

மனைவி என்னை டாக்டரிடம் இழுத்துப் போனாள். வாசலில் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பைத்தியம் என்று ஊர் சொல்லுமே என்ற பயம். பக்கத்தில் ஒருவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். சட்டை மடிப்பைப் பார்த்தேன். நான் தேய்த்த மடிப்பு. என் வாடிக்கையாளர்! இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தெரியாத மாதிரி இருந்துகொண்டோம்.

"உங்களுக்கு மன அழுத்தம் இருக்கு," என்றார் டாக்டரம்மா.

"அழுத்தறதுதானே டாக்டரம்மா என் தொழில்."

"சரியாத் தூங்கறீங்களா?"

"நாடு இருக்கிற நிலைமையில யாருக்கு டாக்டரம்மா தூக்கம் வரும்?"

"எனக்கு வருது," என்றாள் என் மனைவி.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. பொறுமையாகச் சொன்னார். "இது பைத்தியம் இல்லை, பெரியவரே. இப்போ நிறையப் பேருக்கு இப்படி இருக்கு. உங்களால மாத்த முடியாததையெல்லாம் செய்தி கொண்டுவந்து உங்க மடியில கொட்டுது. கொஞ்ச நாள் மடியை மூடிக்குங்க. கோபம் வந்தா நாலு எண்ணி மூச்சை இழுங்க, ஆறு எண்ணி விடுங்க."

"ஆறு வரைக்கும் இவருக்குப் பொறுமை இருக்காது டாக்டர். மூணுலயே மூச்சு தீப்பிடிச்சிடும்."

இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் கை தானாகத் தொலைக்காட்சிப் பக்கம் போயிற்று. நான் பார்க்காத நேரத்தில் நாட்டை யாராவது விற்றுவிட்டால்? ஒரு திட்டம் போட்டேன். என் மூளையில் உதித்த திட்டங்களிலேயே அழகானது அதுதான்.

பழைய பேப்பர்காரன் வாரம் ஒரு முறை எனக்குக் கட்டு கொண்டுவந்து போடுவான். அவனைச் சந்தில் மடக்கினேன். "இனிமே தினம் ஒரு சின்னக் கட்டு கொண்டு வா. அது நடுவுல அன்னைக்குப் பேப்பர் ஒண்ணைச் செருகிடு. உன் சட்டையெல்லாம் ஓசியில தேய்ச்சுத் தர்றேன்." உடனே தலையாட்டினான். பேரம்கூடப் பேசவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வாசலில் வந்து விழும் கட்டை என் மனைவிதான் உள்ளே எடுத்து வைப்பாள். அவள் பின்னறைக்குப் போனதும், கம்பியில் தொங்கும் படுக்கை விரிப்புக்குப் பின்னால் நின்று, எழுத்துக் கூட்டிப் படிப்பேன். பேப்பருக்கு மட்டும் தினமும் மேல் ஓரம் இருக்காது. எலி கடித்ததாகப் பேப்பர்காரன் சொன்னான். எனக்கு ஓரமா முக்கியம்? உள்ளே அதே ஆட்கள், அதே சண்டை, அதே வாக்குறுதி. ரத்தம் சுகமாகக் கொதித்தது.

"என்னங்க, பெட்டி ஓடற சத்தமே காணோமே?"

"சூடாகட்டும்னு வெச்சிருக்கேன்."

"யாரு, பெட்டியா, நீங்களா?"

"வேலையைப் பாரு."

"நறநறன்னு என்னமோ கேக்குதே, பல்லா?"

"காலர். கஞ்சி அதிகம்."

"காலரை நாலு எண்ணி மூச்சை இழுக்கச் சொல்லுங்க."

இப்படியே பதினெட்டு நாள் போயிற்று. இன்னும் மூன்று நாள்தான். பேத்திக்காகப் பழைய துணியில் ஒரு பந்துகூடச் சுற்றி வைத்துவிட்டேன்.

பத்தொன்பதாம் நாள் வேலை அதிகம். சாயங்காலம் நாலரைக்குத்தான் பேப்பரைப் பிரித்தேன். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்து. "ஆட்சி கவிழும் அபாயம். நகரில் கலவர அச்சம். இன்று மாலை ஆறு மணி முதல் ஊரடங்கு."

எழுத்துக் கூட்டி இரண்டாம் தடவையும் படித்தேன். மகள் வீட்டில் கதவுத் தாழ்ப்பாள் ஒரு மாதமாகச் சரியில்லை. மருமகன் வெளியூரில். உள்ளே அந்தப் பிஞ்சு.

போய்ச் சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பாள். பேப்பர் படித்தேன் என்று சொல்ல வேண்டும். அத்தோடு பேத்தி எனக்கு இல்லை. சொல்லாமல் இருந்தால், மூன்றே நாளில் பேத்தி என் மேசைக்குப் பக்கத்தில். ஆனால் இன்று ஆறு மணிக்கு அந்தத் தெருவில் என்ன நடக்கும்?

நாலு எண்ணி இழுத்தேன். ஆறு எண்ணி விட்டேன். கருகல் நாற்றம் வந்தது. பெட்டியின் கீழே யாரோ ஒரு வாத்தியாரின் வெள்ளைச் சட்டை, முதுகில் முக்கோணமாகக் கருகியிருந்தது. மணி நாலு ஐம்பது.

"ஏய்! இங்கே வா!" என்றேன். பின்னறையில் ஆள் இல்லை. நூல் வாங்கப் போயிருப்பாள். பாவி, வீதியில் மாட்டிக்கொள்ளப் போகிறாளே!

பேப்பரை இடுப்பில் செருகினேன். ஊரடங்கு எத்தனை நாளோ? சமையலறையில் இருந்த உருளைக்கிழங்கு மூட்டையைத் தோளில் தூக்கிப் போட்டேன். ஓடினேன்.

எதிரே தையல்காரன் கடை திறந்திருந்தது. அவன் எதிர்க்கட்சி. போன தேர்தலுக்கு முந்தின தேர்தலில் என் தலைவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னான். அன்றிலிருந்து ஆறு வருஷம் மூன்று மாதமாக அவனோடு நான் பேசுவதில்லை. ஆனாலும் மனிதன்தானே?

"யோவ்! கடையை மூடு! ஆறு மணிக்கு ஊரடங்கு!"

கழுத்தில் அளவு நாடாவோடு அவன் வெளியே வந்தான். "அண்ணே! நீங்களா பேசினது?"

"பேச நேரமில்லை, மூடு!"

"அடங்கணும்னா நீங்கதான் அண்ணே அடங்கணும். என்ன ஆச்சு?"

ஆறு வருஷம் கட்டிக் காத்த பகையை ஒரு நன்றிகெட்டவனுக்காக வீணாக்கிவிட்டேன். திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். வழியெல்லாம் ஜனங்கள் பழம் வாங்கினார்கள், சைக்கிளில் மணி அடித்தார்கள், சிரித்தார்கள். ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கப் போகிறது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது.

மகள் வீட்டுக் கதவைத் தோளால் இடித்தேன். தாழ்ப்பாள் புதிது. நல்ல வலி. மகள் திறந்தாள்.

"உள்ளே போ! ஜன்னலைச் சாத்து! குழந்தை எங்கே?"

குழந்தை கூடத்தில் இருந்தது. என் மனைவியின் மடியில். என் மனைவி டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா ஆச்சு?" என்றாள் மகள்.

வாசல்படியில் நின்றேன். இன்னும் ஒரு பொய் சொல்லலாம். யாரோ சொன்னார்கள் எனலாம். குழந்தை என்னைப் பார்த்து மனைவியின் புடவைக்குள் முகத்தைப் புதைத்தது. அதைப் பார்த்ததும் பொய் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"நான் பேப்பர் படிச்சேன்மா," என்றேன், மெதுவாக. "பதினாறு நாளா படிக்கிறேன். ஏமாத்திட்டேன். என்னை என்ன வேணா பண்ணு. ஆனா ஆறு மணிக்கு ஊரடங்கு. குழந்தையை வெளியே விடாதே." இடுப்பிலிருந்து பேப்பரை எடுத்து நீட்டினேன்.

மகள் அதை வாங்கவில்லை. தன் அம்மாவைப் பார்த்தாள். என் மனைவி பையிலிருந்து பொத்தான் டப்பாவை எடுத்தாள். உள்ளே காகித நறுக்குகள். ஒன்றை எடுத்து என் பேப்பரின் மேல் ஓரத்தில் வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. தேதி இருந்தது. மாதம் சரி. வருஷம்தான் ஐந்து குறைவாக இருந்தது.

"எலி," என்றேன்.

"நான்தான்," என்றாள். "பேப்பர்காரரு முதல் நாளே வந்து எங்கிட்ட சொல்லிட்டாரு. நடந்து முடிஞ்ச கதைக்குக் கத்தினா ஊருக்கு நஷ்டமில்லைன்னு பழசா வெச்சேன். நீங்களா சொல்வீங்கன்னு தினம் பார்த்தேன். சொல்லல. அதான் இன்னைக்குப் பெரிசா ஒண்ணு வெச்சேன்."

"எதுக்குடி?"

"பேத்தி பெரிசா, பொய் பெரிசான்னு பார்க்கணும்ல?"

"அஞ்சு வருஷத்துக்கு முன்னால ஊரடங்கு எதுவும் வரலையே? எனக்கு ஞாபகமே இல்லையே!"

"மத்தியானமே வேண்டாம்னுட்டாங்க. அதுக்குள்ள நீங்க இதே மாதிரி மூட்டையைத் தூக்கிட்டு இவ காலேஜ் வாசல்ல போய் நின்னீங்க. அன்னைக்கு வெங்காயம்."

மகள் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கே குழந்தையை விடறேன்பா. மாட்டிப்பீங்கன்னு தெரிஞ்சும் ஓடி வந்தீங்கல்ல, அது போதும். ஆனா டாக்டர்கிட்ட தொடர்ந்து போகணும்."

போகிறேன் என்றேன். குழந்தை மெல்ல வந்து மூட்டையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்தது. பயப்படவில்லை. எனக்கு அது போதும் என்றிருந்தது.

நானும் மனைவியும் திரும்பி நடந்தோம். அவள் முன்னால், நானும் மூட்டையும் பின்னால். பாதித் தெருவில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அந்த ஆளு தினமும் அன்னைக்குப் பேப்பரும் கொண்டு வந்தானா, இல்லையா?"

"கொண்டு வந்தாரே. நாணயமான மனுஷன்."

"அது எங்கே போச்சு?"

"நான் படிச்சேன். ரெண்டு மணிக்கு, நீங்க தேய்க்கும்போது."

"அப்போ நாட்டுல இப்போ என்னதான்டி நடக்குது?"

"உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

ஆகக் கூடி, என் பெண்டாட்டி நிம்மதியாகப் பேப்பர் படிக்கத்தான் பதினாறு நாளாக நான் ஊரான் சட்டையை ஓசியில் தேய்த்திருக்கிறேன்.