ஆல்டர்விக் ரவுண்டானாவும் ஆர்வில் மாமாவின் கையும்

அன்புள்ள ஆர்வில் மாமாவுக்கு,

இல்லை, உங்கள் நான்கு வழிச்சாலையை நான் தின்றுவிடவில்லை. அத்தனை தார் எனக்குச் செரிக்காது.

நலம். நீங்களும் வில்மா அத்தையும் நாய்களும் நலமென்று நம்புகிறேன். இங்கே காற்றுக்குத்தான் உடம்பு சரியில்லை. இன்றும் ஓசோன் எச்சரிக்கை. மலை தெரியவில்லை. இன்று புல் வெட்டாதீர்கள், பெட்ரோலைப் பொழுது சாய்ந்து போடுங்கள் என்று வானொலி கெஞ்சுகிறது. நீங்கள் இந்நேரம் புல் வெட்டிக்கொண்டிருப்பீர்கள்.

தொலைபேசியில் நீங்கள் விட்டிருந்த குரல் பதிவை அலுவலகம் முழுவதும் கேட்டது. ஒலிபெருக்கியை நான் அணைக்கவில்லை என்பது பாதியில்தான் தெரிந்தது. "ஆல்டர்விக் மேயர் பேசறேன். என் அக்கா பெத்த பொண்ணே என் ரோட்டைப் பிடுங்கிட்டா" என்ற இடத்தில் டெனீஸ் காப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். டெனீஸ் எங்கள் வட்டாரச் சாலைத் திட்ட அலுவலகத்தில் என் மேலதிகாரி. அதற்கு முன் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

பதிவின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. "எங்க ஊர்ல காரைவிட மாடு அதிகம். எங்களுக்கு எதுக்கும்மா ஓசோன்?"

நியாயமான கேள்வி.

மேலே வானத்தில் இருக்கிற ஓசோன் நல்லது. கீழே, மூக்கு மட்டத்தில் இருப்பது கெட்டது. வண்டிப் புகையும் பெட்ரோல் ஆவியும் வெயிலில் சேர்ந்து வேகும்போது அது உண்டாகிறது. நம் வட்டாரம் பல கோடைகளாக வரம்பைத் தாண்டி நிற்கிறது. அப்படி நிற்கிற வட்டாரத்துக்கு ஒரு விதி உண்டு. இனி வரப்போகும் சாலைகளை எல்லாம் ஒரே திட்டமாகக் கட்டி, அவற்றில் ஓடப்போகும் வண்டிகளை முதலில் கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். வராத வண்டிகளின் வராத புகை வரம்புக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் திட்டம் இல்லை. திட்டம் இல்லாவிட்டால் வாஷிங்டன் பணம் தராமல் கையை விரிக்கும். எந்த ஊருக்கும் புதிய சாலை கிடையாது.

என் வேலை அதுதான். இன்னும் பிறக்காதவர்கள் அலுவலகம் போகும் வழியை ஓட்டிப் பார்ப்பது. இதை அம்மாவிடம் நீளமாக விளக்கினேன். "இதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா?" என்றார்.

உங்கள் நான்கு வழிச்சாலையை உள்ளே வைத்தேன். சாலை அகலம் என்றதும் டென்வரிலிருந்து ஆட்கள் குடிவந்தார்கள். ஆல்டர்விக்கில் வீடுகள் முளைத்தன. உங்கள் மாட்டுக்கொட்டகைக்கு எதிரே கார் கழுவும் கடை ஒன்று வந்தது. (கடை என் கற்பனை. வீடுகள் கணினியுடையவை.) புகை வரம்பைத் தாண்டியது. ஒரு மயிரிழை.

அப்போதும் உங்கள் சாலையை எடுக்கவில்லை. நம்புங்கள். அதைச் சில ஆண்டுகள் தள்ளிப்போட்டுப் பார்த்தேன். பக்கத்து ஊர்களில் சைக்கிள் பாதை போட்டேன். ஆல்டர்விக்குக்குப் பேருந்து விட்டேன். கணினியிலேயே அதில் யாரும் ஏறவில்லை. நீங்கள்கூட.

பிறகு எடுத்தேன். அடங்கியது. கிழங்கு லாரிகள் திரும்புகிற அந்த நாற்சந்தியில் சிக்னலைக் கழற்றி ரவுண்டானா வைத்தேன். லாரிகள் நின்று உறுமுவது குறைந்தது. இன்னும் நன்றாக அடங்கியது.

ரவுண்டானா என்ற சொல்லைப் படித்ததும் எழுந்து நின்றிருப்பீர்கள். உட்காருங்கள் மாமா. அது வெளிநாட்டுச் சதி என்று நீங்கள் பேசியதும் தெரியும், உங்கள் தேர்தல் தொப்பியில் "நேராகப் போவோம்" என்று எழுதியிருப்பதும் தெரியும். அந்தத் தொப்பி என்னிடமும் ஒன்று இருக்கிறது. சைக்கிளில் போகும்போது போட்டுக்கொள்கிறேன். வெயிலுக்கு நல்லது.

போன வாரம் உங்கள் ஊரில் நாங்கள் வைத்த கூட்டத்தைப் பற்றி. நான் அழவில்லை. கண்ணில் வெயில்.

எச்சரிக்கை நாளில் கூட்டம் வைத்தது எங்கள் தவறு, பேருந்தே வராத ஊரில் வைத்தது அதைவிடப் பெரிய தவறு, "காரை வீட்டில் விடுங்கள்" என்ற பதாகைகள் எந்தச் சைக்கிளிலும் கட்ட முடியாத நீளம் என்பதால் டெனீஸ் அவற்றைத் தன் காரில் ஏற்றிவந்தார், பதாகைகளுக்கு நடுவே மடிந்து நானும் வந்தேன், வந்து பார்த்தால் உங்கள் மண்டபத்தில் ஏசி பழுது, அதனால் நாய்களை உள்ளே கூட்டிவர முடியாது என்று எல்லோரும் நாய்களை வண்டியில் விட்டு, நாய்களுக்காக வண்டி ஏசியை விட்டு, ஏசிக்காக இஞ்சினை ஓடவிட்டு வந்திருந்தார்கள், வாசல் நெடுக டீசல் பிக்கப் வண்டிகள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன, எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சி, இதைவிட நல்ல பாடம் அமையாது என்று கையோடு கொண்டுவந்த ஓசோன் மானியை வாசற்படியில் வைத்து, அதன் எண் உள்ளே திரையில் பெரிதாகத் தெரியும்படி செய்து, ஒலிவாங்கியைப் பிடித்து, "இப்ப எண் ஏறும், பாருங்க" என்றேன்.

எண் இறங்கியது.

"இறங்குதேம்மா" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

"கொஞ்சம் பொறுங்க."

இன்னும் இறங்கியது.

நீங்கள் எழுந்தீர்கள். தொப்பியைச் சரிசெய்தீர்கள். "பாத்தீங்களாப்பா! நம்ம வண்டி காத்தைக் கழுவுது! டென்வர்க்காரங்க பாவம், மூச்சு முட்டுதாம். நாலு வண்டிய வாடகைக்கு அனுப்புவமா?"

"டேய், இன்னொரு வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்கடா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பண்ணினார்கள். எண் இன்னும் இறங்கியது. மண்டபம் கைதட்டியது.

டெனீஸ் என் காதருகே குனிந்தார். "இதுக்குத்தானே படிச்சே? ஏதாவது சொல்லு."

சொன்னேன். வெளியே நாய்கள் குரைத்தன. உள்ளே நீங்கள் சிரித்தீர்கள். யாருக்கும் கேட்கவில்லை. அத்தை மட்டும் ஒரு முட்டைக்கோஸ் பன்னைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து கையில் திணித்து, "தின்னுடி. முகமே வெளுத்துப்போச்சு" என்றார்.

அன்று யாருக்கும் கேட்காதது இதுதான். புதுப் புகை பக்கத்திலிருக்கிற ஓசோனைத் தின்னும். உண்மை. எண் இறங்கியது அதனால்தான். மானி பொய் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. ஆனால் புகை வாசலிலேயே நிற்பதில்லை. மத்தியானக் காற்று அதை மேற்கே தள்ளுகிறது. போகிற வழியெல்லாம் வெயிலில் வெந்து, தின்றதைவிடப் பல மடங்கு ஓசோனைப் பெற்றுப் போடுகிறது. ஆல்டர்விக் வாசல் சுத்தம். மலையடிவாரத்து வாசல்கள் அப்படியில்லை.

மலையடிவாரத்தில் யார் வீடு இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அம்மா இதை எழுத வேண்டாம் என்றார். "அவன் ஊர்ல பெரிய மனுஷன். என் மூச்சைக் கொண்டுபோய் அவன் கூட்டத்துல வைக்காதே." கூட்டத்தில் வைக்கவில்லை. இங்கே வைக்கிறேன். இந்தக் கோடையில் அம்மா மத்தியான நடையை விட்டுவிட்டார். ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்து, நீங்கள் கொடுத்தனுப்பிய தக்காளியை நறுக்குகிறார். நடுவில் நிறுத்துகிறார். பிறகு நறுக்குகிறார்.

உங்கள் ஒரு சாலையால் அல்ல. எல்லாச் சாலைகளாலும். அதனால்தான் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது விதி.

வியாழக்கிழமை திட்டத்தின் மேல் வாக்கெடுப்பு. வட்டாரத்து மேயர்கள் சரிபாதியாகப் பிரிந்து நிற்கிறார்கள். உங்கள் கை மேலே போனால் திட்டம் பிழைக்கும். போகாவிட்டால் எல்லா ஊரும் நிற்கும். உங்களுக்கு நான்கு வழியும் இல்லை, ரவுண்டானாவும் இல்லை. அறுவடைக்கு அறுவடை லாரிகள் அதே சிக்னலில் உறுமிக்கொண்டிருக்கும். அந்தப் புகை மத்தியானம் அம்மா வீட்டுக்கு விருந்துக்குப் போகும்.

கையைத் தூக்குங்கள் மாமா. வலது தோள் வலி என்றால் இடது கை.

அத்தைக்கு என் அன்பு. நாய்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. உங்கள் மக்காச்சோளத்துக்கு ஆலங்கட்டி இல்லாத மழை பெய்யட்டும்.

உங்கள் அக்கா மகள்,
ஆட்ரி

பி.கு: உறையில் பெயர் எழுதி முடித்த நேரத்தில் அத்தை தொலைபேசியில் கூப்பிட்டார்.

"வியாழக்கிழமை உன் மாமா கையைத் தூக்குவார். நீ நிம்மதியாத் தூங்கு."

"ஓசோன் விஷயம் புரிஞ்சிடுச்சா அத்தை?"

"எந்த ஓசோன்? ரவுண்டானாவுக்கு நடுவுல ஒரு மேடு வருமாமே, சும்மாத்தானே கிடக்கும்? என் மாமனாரோட டிராக்டரை அதுல ஏத்தி நிறுத்துங்க, ஊரே அதைச் சுத்திச் சுத்திப் போகும்னேன். அவ்வளவுதான். மனுஷன் காலையிலேயே பெயிண்ட் வாங்கப் போயிட்டார்."

"அதுக்கு அனுமதி வாங்கணும் அத்தை."

"அது உன் பாடு. கோழிக்கூண்டை மறைச்சுக்கிட்டு எத்தனை வருஷமாத் துருப்பிடிச்சு நிக்குது தெரியுமா? என் முற்றத்தை விட்டுப் போனாச் சரி. ஆனா ஒண்ணுடி, கலப்பையையும் கூட வைக்கணுமாம். வட்டம் பத்தலையாம். கொஞ்சம் பெருசாப் போட முடியுமான்னு கேக்கச் சொன்னார்."

"ஊர்ல என்ன சொல்லிக்கிட்டிருக்கார்?"

"ரவுண்டானா அவர் யோசனையாம். நீதான் தடுக்கப் பாத்தியாம்."

ஆகவே மேலே எழுதியது எதுவும் தேவைப்படவில்லை. அம்மாவைப் பற்றி எழுதியது மட்டும் உங்கள் வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

ரவுண்டானாவைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கணினியில் மறுபடி ஓடவிட்டேன். அடங்கியது. உறையில் உங்கள் பெயரை அடித்துவிட்டு அத்தையின் பெயரை எழுதினேன்.