நாற்பத்தெட்டு வெயிட்

சூளகிரி சர்வீஸ் ரோட்டு வேகத்தடையில் வேன் ஏறி இறங்கியதுதான் தாமதம், பின்னால் கலகலவென்று ஒரு சத்தம். முன் சீட்டில் இருந்த மணிகண்டன் அலறினான்.

“முனிராஜண்ணா, நிறுத்துங்க! நிறுத்துங்க!”

கதவைத் திறந்து பார்த்தால், நாற்பது குக்கர் வெயிட்டும் வேன் முழுக்க உருண்டுகொண்டிருந்தன. பச்சைத் தட்டு ஒரு மூலையில் கவிழ்ந்து கிடந்தது. சிவப்புத் தட்டு அதற்கு மேல் கவிழ்ந்து கிடந்தது.

பச்சைத் தட்டில் இருந்த இருபதும் அசல். ஓசூர் சிப்காட்டில் உள்ள பவளமல்லி குக்கர் கம்பெனியின் சொந்தத் தயாரிப்பு. சிவப்புத் தட்டில் இருந்த இருபதும் போலி. கெலமங்கலம், காவேரிப்பட்டினம் என்று சந்தை சந்தையாக அலைந்து, அதே பூ முத்திரையோடு பெட்டி இல்லாமல் விற்றவர்களிடம் தேடித் தேடி வாங்கியவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஜனங்களுக்கு வித்தியாசம் காட்டுவதற்காக கிருஷ்ணகிரியில் இன்றைக்கு ‘போலி ஒழிப்பு விழா’. விழாவின் முழுப் பொறுப்பும் மணிகண்டனுடையது.

வெறும் விழாவாக இருந்தால் பரவாயில்லை. பதினோரு வருஷமாகக் குவாலிட்டி இன்ஸ்பெக்டராகவே காலம் தள்ளியவனை இன்றைக்கு மேடையில் வைத்துக் குவாலிட்டி மேனேஜர் ஆக்கப்போவதாக முதலாளி ராமப்பன் சொல்லியிருந்தார். ஆர்டரைக்கூட டைப் அடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் பெங்களூரில் இருந்து கிளம்பியிருந்தார். மணிகண்டனின் மனைவி அருணா இதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முதல் வரிசை நாற்காலியில் முன்கூட்டியே போய் உட்கார்ந்துவிட்டாள். இதுவரைக்கும் மூன்று தடவை போன் செய்துவிட்டாள்.

“எது அசல், எது போலின்னு தெரியுதுங்களா சார்?” என்றார் டிரைவர் முனிராஜ்.

“என்னண்ணா இப்படிக் கேட்டுட்டீங்க? நான் ஓகே போடாம ஒரு வெயிட்டு கம்பெனி கேட்டத் தாண்டுமா? ஒரு நிமிஷம் பொறுங்க!”

ஒரு நிமிஷம் பத்து நிமிஷம் ஆயிற்று. மணிகண்டன் ஒன்றை எடுத்தான், வைத்தான், இன்னொன்றை எடுத்தான், முதலில் எடுத்தது எதுவென்று தேடினான். பார்த்துக்கொண்டிருந்த முனிராஜுக்கே பாவமாகிவிட்டது. வேனில் கட்டுக் கட்டாகக் கிடந்த துண்டு நோட்டீஸ்களில் ஒன்றை உருவினார். ‘போலியைக் கண்டுபிடிக்க ஐந்து எளிய வழிகள்.’ எழுதியவர் சாட்சாத் மணிகண்டன்.

“நான் படிக்கிறேன், நீங்க பாருங்க சார். ஒண்ணு. அசல் பளபளன்னு இருக்கும்.”

எல்லாமே பளபளவென்று இருந்தன.

“ரெண்டு. பூவுல அஞ்சு இதழும் தெளிவா இருக்கும்.”

நாற்பதிலும் ஐந்தைந்து இதழ்.

“மூணு. கையில் ஏந்தினால் கனம் தெரியும்.”

“தெரியுதுண்ணா. எல்லாத்துலயும் தெரியுது.”

“நாலு. போலியில் கரும்புள்ளிகள் காணப்படும்.”

மூன்றில் கரும்புள்ளி இருந்தது. மணிகண்டன் துள்ளிக் குதித்தான். கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தான். அவன் விரல் அழுக்குதான், போய்விட்டது.

“ஏமி சார் இதி!” என்று முனிராஜ் தெலுங்குக்குத் தாவிவிட்டார். “எழுதின உங்களுக்கே புரியலன்னா படிக்கற ஜனங்க என்ன சார் பண்ணுவாங்க?”

“அஞ்சாவது என்னண்ணா? அதைப் படிங்க முதல்ல!”

“அஞ்சு. சந்தேகம் இருப்பின் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற கடையை அணுகவும்.”

“அப்படிப் போடுங்க! வண்டிய எடுங்கண்ணா!”

கிருஷ்ணகிரி பஜாரில் எல்லப்பன் பாத்திரக் கடைதான் பவளமல்லிக்கு அங்கீகாரம் பெற்ற கடை. மணிகண்டன் மூச்சிரைக்க உள்ளே ஓடினான்.

“எல்லப்பண்ணே, நம்ம கம்பெனி வெயிட்டு, சுத்த அசலா எட்டு எடுங்க! அத வெச்சு மத்ததத் தரம் பிரிச்சிடறேன்.”

எல்லப்பன் எட்டை எடுத்து வைத்தார்.

“இது அசல்தானேண்ணே?”

எல்லப்பன் அவனை மேலும் கீழும் பார்த்தார். “கம்பெனிக்காரரு நீங்க. என்னைப் போய்க் கேக்கறீங்களே!”

“இல்லண்ணே, ஒரு உறுதிக்காக...”

“உறுதியா? எனக்கு என்னங்க தெரியும்? ஏஜென்ட் குடுக்கறான், நான் விக்கறேன். அவனக் கேட்டா குடோன்ல குடுத்ததுன்னுவான். குடோன்ல கேட்டா லாரிக்காரனக் கை காட்டுவாங்க. லாரிக்காரன் இந்நேரம் அத்திப்பள்ளி தாண்டிக் கர்நாடகாவுல போயிட்டிருப்பான். வாங்கற ஜனங்களாவது கேக்கறாங்களான்னா, அவங்களும் குறைச்சுக் குடுன்னு மட்டுந்தான் கேக்கறாங்க. இதுல யார் சட்டையப் புடிப்பீங்க?”

“சட்டையெல்லாம் மேடையில புடிச்சுக்கலாம்ணே. இப்போ நான் பாத்துக்கறேன்” என்று மணிகண்டன் தன் நாற்பதையும் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் கொட்டினான். கடை எட்டையும் தனியாக வைத்தான். பூதக்கண்ணாடி கேட்டு வாங்கினான். அப்போது பார்த்து நான்காவது தடவையாக அருணா போன் செய்தாள்.

“எங்க இருக்கீங்க? என் அக்கா, அக்கா வீட்டுக்காரரு எல்லாம் வந்தாச்சு. உங்க முதலாளி வந்துட்டா மானமே போயிடும்!”

“வந்துட்டேன், வந்துட்டேன்! அஞ்சே நிமிஷம்!”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மேசை துப்புரவாக இருந்தது. எல்லப்பன் முகம் நிறையச் சிரிப்போடு ஒரு துணிப்பையை நீட்டினார்.

“அவசரமாப் போகணும்னீங்களேன்னு எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு முடிச்சுக் கட்டிட்டேங்க. ஒண்ணுகூடக் கீழ விழாது.”

நாற்பது போய் நாற்பத்தெட்டு ஆயிற்று. மணிகண்டன் பையை வாங்கிக்கொண்டான். எல்லப்பனுக்கு நன்றிகூடச் சொன்னான், வேறு என்ன செய்வது?

விழாத் திடலுக்குப் போய்ச் சேர்ந்தபோது முதலாளி இன்னும் வரவில்லை. அத்திப்பள்ளி டிராபிக்கில் மாட்டியதால் இன்னும் அரை மணி ஆகும் என்று தகவல். அரை மணி நேரம் கிடைத்ததும் மணிகண்டனுக்குப் புது ரத்தம் பாய்ந்தது. மேடைக்குப் பக்கத்தில் செயல்விளக்கத்துக்கென்று நான்கு அடுப்பும் நான்கு குக்கரும் தயாராக இருந்தன.

“அண்ணா, எதுக்கு இத்தனை கஷ்டம்? வேகவெச்சுப் பாத்துட்டாப் போச்சு! நல்ல வெயிட்டு கணக்கா விசிலடிக்கும், போலி திணறும். தண்ணி ஊத்துங்க!”

நான்கு குக்கரிலும் தண்ணீர் ஊற்றி, நான்கு வெயிட்டைப் போட்டு, அடுப்பைப் பற்ற வைத்தார்கள். மணிகண்டன் பேனாவும் நோட்டுமாக உட்கார்ந்தான். முதல் குக்கர் ‘உஸ்ஸ்ஸ்’ என்றது. மூன்றாவதும் கூடவே சேர்ந்துகொண்டது. மணிகண்டன் எழுத ஆரம்பித்தபோது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

“சாம்பார் சாதங்களா சார், பொங்கலுங்களா?”

திரும்பினான். தட்டோடு ஒரு பெரியவர் நின்றார். அவருக்குப் பின்னால் ஐம்பது பேர் வரிசையில் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் வரிசை திடலின் கேட் வரைக்கும் போய்விட்டது.

“ஐயா, இது வெறும் தண்ணிங்க. டெஸ்ட்டு பண்றோம்.”

“நாலு விசிலு ஆயிடுச்சு, எறக்குங்க சார்! பருப்பு குழைஞ்சிடும்!” என்று ஒரு அம்மா அதட்டினார்.

“பருப்பே போடலைங்கறேன்!”

“பருப்பு போடாமத்தான் பந்தி வெக்கறீங்களா?”

கூட்டம் நெருக்கியது. நெருக்கலில் யாரோ நான்காவது குக்கரை இடிக்க, அதன் வெயிட் ஒரு சீறு சீறி மேலே எழும்பிப் பெரியவரின் தட்டில் ‘டங்’ என்று வந்து விழுந்தது. பெரியவர் அதை எடுத்துப் பார்த்தார். “இது மட்டுந்தான் குடுப்பீங்களா?” என்று மிகவும் வருத்தப்பட்டார்.

மணிகண்டன் அடுப்பை அணைத்தான், பெரியவர் கையில் இருந்ததையும் சேர்த்து வெயிட்களைப் பிடுங்கிப் பையில் போட்டான், நோட்டில் என்ன எழுதினோம் என்று பார்த்தான். ‘1 — உஸ்’ என்று எழுதியிருந்தது. அழுகை வந்தது அவனுக்கு. நிஜமாகவே வந்தது.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் கார் உள்ளே நுழைந்தது.

ராமப்பன் இறங்கினார். கூட்டத்தைப் பார்த்தார். அவர் கண்கள் விரிந்தன.

“ஏனப்பா மணிகண்டா, இஷ்டு ஜனா! இத்தனை ஜனமா! போலி ஒழிப்புன்னு சொன்னா பத்து பேர் வரமாட்டான். நீ ஐந்நூறு பேரச் சேத்துட்டியேப்பா!”

“உங்க ஆசீர்வாதம் சார்” என்றான் மணிகண்டன்.

சந்தோஷம் வந்துவிட்டால் ராமப்பனைப் பிடிக்க முடியாது. மேடையேறி மைக்கைப் பிடித்தார். “பவளமல்லி வாழ்க!” என்று அவரே ஒரு முறை சொல்லிக்கொண்டார். பிறகு யாரும் எதிர்பாராத அறிவிப்பு ஒன்றைச் செய்தார்.

“மேசை மேல வெயிட்டக் கொட்டறோம்! அசலையும் போலியையும் யார் சரியாப் பிரிக்கறாங்களோ அவங்களுக்கு அஞ்சு லிட்டர் குக்கர் இனாம்! சரியா தப்பான்னு சொல்லப்போறது நம்ம மணிகண்டன்! அவன் கண்ணுல மண்ணத் தூவ முடியாது!”

கூட்டம் விசிலடித்தது. முதல் வரிசையில் அருணா போனை உயர்த்தி வீடியோ எடுக்க ஆரம்பித்தாள். மணிகண்டன் பையை அவிழ்த்து நாற்பத்தெட்டையும் மேசையில் கொட்டினான்.

முதலில் ஒரு ஐ.டி.ஐ. வாத்தியார் வந்து ஐந்து நிமிஷம் பிரித்தார்.

“தப்பு” என்றான் மணிகண்டன்.

அடுத்து ஒரு ஓட்டல்காரர் வந்தார்.

“தப்பு.”

மூன்றாவது ஆளுக்கும் தப்பு, நான்காவது ஆளுக்கும் தப்பு. அந்த நிலைமையில் அதைவிடப் பத்திரமான பதில் கிடையாது. ஆனால் ஐ.டி.ஐ. வாத்தியாருக்குக் கோபம் வந்துவிட்டது.

“எல்லாம் தப்புன்னா எதுதாங்க சரி? நீங்க பிரிச்சுக் காட்டுங்க பாக்கலாம்!”

“ஆமா, காட்டச் சொல்லுங்க! காட்டச் சொல்லுங்க!” என்று கூட்டம் பிடித்துக்கொண்டது. ஐந்நூறு பேரும் கை தட்டித் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

“காட்டுங்களேன்!” என்று அருணாவும் சேர்ந்து கத்தினாள். அக்கா வீட்டுக்காரருக்கு முன்னால் புருஷனின் திறமையைக் காட்ட அவளுக்கு அவ்வளவு ஆசை.

ராமப்பன் சிரித்துக்கொண்டே, “காட்டுப்பா” என்றார்.

அவ்வளவுதான், தொலைந்தோம் என்று மணிகண்டன் மேசைப் பக்கம் ஒரு அடி வைத்தான்.

“நான் ஒரு தடவ பாக்கட்டுங்களா சார்?”

சாப்பாட்டு வரிசையில் நின்றிருந்த ஒரு அம்மா. நாற்பது வயது இருக்கும். பேர் கேட்டதற்கு மாதேஸ்வரி என்றார். கையில் இருந்த தட்டை முனிராஜிடம் கொடுத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்தார்.

பளபளப்பைப் பார்க்கவில்லை. பூவை எண்ணவில்லை. ஒவ்வொரு வெயிட்டையும் தலைகீழாகத் திருப்பி, அடியில் இருக்கும் ஓட்டைக்குள் சுண்டுவிரல் நுனியை விட்டு ஒரு சுற்று சுற்றினார். இடது பக்கம் வைத்தார். அடுத்தது, ஒரு சுற்று. வலது பக்கம். மேடையைப் பார்க்காமல், கூட்டத்தைப் பார்க்காமல், மளமளவென்று பிரித்துக்கொண்டே போனார். இரண்டே நிமிஷம். இடது பக்கம் இருபத்து மூன்று, வலது பக்கம் இருபத்தைந்து.

மணிகண்டன் இடது குவியலில் ஒன்றை எடுத்து ஓட்டைக்குள் விரலை விட்டான். வழவழவென்று இருந்தது. வலது குவியலில் ஒன்றை எடுத்து விட்டான். உள்ளே பிசிறு பிசிறாக விரலைக் கீறியது. இன்னொன்றை எடுத்தான், அதிலும் கீறியது. அடடா! அடடா! இவ்வளவு நேரமும் வித்தியாசம் இங்கேயா ஒளிந்துகொண்டிருந்தது! கணக்கும் கச்சிதமாகப் பொருந்தியது. எல்லப்பன் கொடுத்த எட்டில் மூன்று இந்தப் பக்கம், ஐந்து அந்தப் பக்கம். கெட்டிக்கார எல்லப்பா, அங்கீகாரம் பெற்ற கடையில் ஐந்து போலியா! அவனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

“சரி! சரியோ சரி! நூத்துக்கு நூறு சரி!” என்று மணிகண்டன் கத்திய கத்தலில் மைக்கே கீச்சிட்டது.

கூட்டம் ஆரவாரம் செய்தது. மணிகண்டன் தன் கையாலேயே வழவழப்பான குவியலுக்கு முன்னால் ‘அசல்’ என்ற பச்சை அட்டையையும், பிசிறுக் குவியலுக்கு முன்னால் ‘போலி’ என்ற சிவப்பு அட்டையையும் தூக்கி வைத்தான். உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

ராமப்பன் பிசிறுக் குவியலில் இருந்து ஒன்றை எடுத்து, தன் விரலை விட்டுப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

“பாருங்க ஜனங்களே! என் விரலே கிழிஞ்சுபோச்சு! இத நம்பி ஒரு வீட்டுல அடுப்பு பத்த வெச்சா அந்தக் குடும்பத்தோட கதி என்ன? இதுக்கு யார் பொறுப்பு? செஞ்சவன் வயித்துப்பாட்டுக்குச் செஞ்சான், விடுங்க. வித்தவன் தெரியாம வித்தான், அவனையும் விடுங்க. ஆனா இந்தப் பிசிறக் கையில வாங்கிப் பாத்துட்டு, ‘சரி, போகட்டும்’னு தலையாட்டி அனுப்பினான் பாருங்க ஒருத்தன், அவன்தான் முதல் குற்றவாளி! அவன் மட்டும் என் கம்பெனியில இருந்திருந்தா, இந்த நிமிஷமே, இந்த மேடையிலேயே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்!”

முதலில் கை தட்டியது மணிகண்டன்தான். கடைசியாக நிறுத்தியதும் அவன்தான்.

ராமப்பன் சட்டைப் பையில் இருந்து ஆர்டரை எடுத்தார். அருணா போனை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். “இதப் படிக்கறதுக்கு முன்னாடி” என்று ராமப்பன் ஐந்து லிட்டர் குக்கரை மாதேஸ்வரியின் கையில் கொடுத்து, மைக்கை அவர் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

“சொல்லுங்கம்மா, யாராலயும் முடியாதத எப்படிக் கண்டுபுடிச்சீங்க? நாலு பேருக்குத் தெரியட்டும்.”

மாதேஸ்வரி குக்கரை இடுப்பில் வைத்துக்கொண்டு, மேசையில் இருந்த இரண்டு அட்டைகளையும் ஒரு முறை பார்த்தார்.

“அது இருக்கட்டுங்க சார், அட்டைய மாத்தி வெச்சிட்டீங்க, இந்த வழவழன்னு இருக்கறதுதான் எங்க ஷெட்ல நான் அரம் போட்டுத் தேய்க்கற போலி, உங்க கையக் கிழிச்சது உங்க கம்பெனிதுங்க.”