கண்ணாடி பாயின் வெயில் மோட்டார்

பென்னாகரத்து வெயிலைத் திட்டாத ஒரே மனிதர் கண்ணாடி பாய்தான். சித்திரை மத்தியானத்தில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும். இவர் மட்டும் கடை வாசலில் உட்கார்ந்து, இத்தனையும் வீணாகப் போகிறதே என்று வயிறெரிவார்.

எண்பதுகளில் நான் வாடகைக்கு இருந்த தெருவில், முருகன் படத்துக்கும் மெக்கா படத்துக்கும் கண்ணாடியும் சட்டமும் போடும் கடை அவருடையது. எதிரே தண்ணீர்த் தொட்டி. கரண்டு வந்தால்தான் மோட்டார் ஓடும். அதுவரை குடத்தோடு காத்திருக்கும் வரிசையில் அவர் மனைவியும் முழங்கால் வலியோடு நிற்பார். கண் மூடுவதற்குள் அந்த மோட்டாரை வெயிலில் ஓட்டிவிட வேண்டும் என்பது பாயின் சபதம்.

தருமபுரி பொருட்காட்சியில் சோலார் பலகை ஒன்றைப் பார்த்து விலை கேட்டவர், அன்று சோறு தின்னவில்லை. "வெயிலு சும்மா வருது சார். அதப் புடிக்கிற பலகைக்குத்தான் ஆனை வெல குதுர வெல சொல்றான். ஊரே சேந்து வாங்குனா தக்காளி வெலைக்கு வந்துருங்க" என்றார். ஊர் சேரவில்லை.

பாலக்கோட்டு சர்க்கரை ஆலையின் பாய்லரை வேடிக்கை பார்த்துவிட்டு வந்தவர் வேறு யோசனை சொன்னார். நிறையக் கண்ணாடிகளை வைத்து வெயிலை ஒரு தகர டிரம்மின் மேல் திருப்பினால் ஆவி வரும், ஆவி மோட்டாரைச் சுழற்றும். கண்ணாடிக்குச் செலவே இல்லை. உடைந்த கண்ணாடி வீட்டில் இருந்தால் ஆகாது என்று தெருவே கொண்டுவந்து கொடுத்தது. இரண்டு பேர் உடைத்தே கொடுத்ததாகக் கேள்வி.

சோதனை நாளில் தொட்டியைச் சுற்றிலும் கண்ணாடிகள். வந்த பெண்கள் பூவைச் சரிசெய்ய ஒன்றைத் திருப்பினார்கள். ஆண்கள் மீசைக்கு ஒன்றைத் திருப்பினார்கள். ஒகேனக்கல் பஸ் டிரைவர் கண் கூசி, பஸ்ஸை நிறுத்திவிட்டுச் சண்டைக்கு இறங்கி வந்தார். வந்தவர் சீப்பை எடுத்துத் தலை சீவிக்கொண்டு போனார். டிரம்மின் மேல் மட்டும் வெயில் விழவில்லை.

பாய் ஒவ்வொன்றாகத் திருப்பி வைக்க, ஒருவழியாகத் தண்ணீர் கொதித்தது. ஆவியும் வந்தது. மோட்டார் அசையவில்லை.

தன் குடத்துத் தண்ணீரை டிரம்மில் ஊற்றிக் கொடுத்திருந்த மனைவி நிதானமாகக் கேட்டார்: "ஏங்க, தண்ணி எடுக்கறதுக்கு இன்னும் எத்தன கொடம் தண்ணி ஊத்தணும்?"

தெருவே சிரித்தது. பாயும் சிரித்தார். பிறகு அந்த அம்மாவின் கையிலிருந்து குடத்தை வாங்கிக்கொண்டு, பெண்கள் வரிசையின் கடைசியில் போய் நின்றார். அதற்குப் பிறகு அந்தக் குடத்தோடு அவர்தான் நின்றார், நான் ஊரைவிட்டு வரும்வரை.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். வழியெல்லாம் ஏக்கர் கணக்கில் பலகைகள். தொட்டி மேலேயும் வரிசையாக மாட்டியிருக்கிறார்கள். உச்சி வெயிலில் மோட்டார் ஓட, குழாயில் தண்ணீர் கொட்டியது. பிடிக்க ஆள் இல்லை. பாயும் இல்லை, அந்த அம்மாவும் இல்லை. அவர்களுக்கு இதைக் காட்ட வேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஏக்கம். குழாயை மூடக் கை வராமல் நின்றுகொண்டே இருந்தேன்.