கைக்கு அடங்காத துவக்கு

துறைமுக வீதி,
திருகோணமலை.
7.9.1966

என்றும் என் மரியாதைக்குரிய அண்ணர் பாக்கியரத்தினம் அவர்களுக்கு, தம்பி சூசைப்பிள்ளை எழுதிக்கொள்வது.

ஆண்டவர் கிருபையால் நானும் எல்சியும் இங்கே சுகம். கந்தளாயில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாயிருக்கவும், வயலுக்குத் தண்ணீர் நேரத்துக்குத் திறக்கவும் ஞாயிற்றுப் பூசையில் மன்றாடினோம். போன கடிதத்தில், "உன்னுடைய துவக்கு விஷயம் என்னவாயிற்று, ஒரு வரியாவது எழுது" என்று கேட்டிருந்தீர்கள். ஒரு வரியில் எழுதுவதானால், தப்பிவிட்டேன் அண்ணர். ஆனால் ஒரு வரியோடு நிறுத்தினால் ஒரு மாதமாக நான் பட்ட பாட்டை யாரிடம் போய்ச் சொல்வது? ஆகையால் அண்ணியிடம் ஒரு தேத்தண்ணி கேட்டு வாங்கிக்கொண்டு, கதிரையில் ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

பதினேழு வருடமாக இந்தக் கப்பல் கம்பனியின் ஸ்டோரில் தலைமை வாச்சராக இருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். இவ்வளவு காலமும் என்னுடைய ஆயுதம் ஒரு விசிலும் என் தொண்டையும்தான். இரண்டுக்கும் கள்ளர் பயந்துதான் இருந்தார்கள். ஆனால் ஆடி மாதம் பத்துத் தார்ப்பாய் காணாமற்போயின. புதிதாக வந்திருக்கும் மனேஜர் ஐயா உடனே மேலிடத்துக்கு எழுதி, லைசென்சோடு ஒரு றிவோல்வர் எடுப்பித்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு மேசையில் அதை வைத்துவிட்டுச் சொன்னார்: "சூசைப்பிள்ளை, இனித் தலைமை வாச்சர் இதைப் பிடிக்கத் தெரிஞ்ச ஆளாய் இருக்கவேணும். மாத முடிவில இருபது அடி தூரத்தில ஒரு மண்ணெண்ணெய்த் தகரம் வைப்பன். ஆறு வெடியில மூண்டு படவேணும். படாட்டி உமக்குக் கொழும்பு ஸ்டோரில சாதாரண வாச்சர் வேலை. இஞ்ச வேற ஆள் வரும்." நான் வீட்டுக்கு வந்து எல்சியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை. "கொழும்புக்கு நான் வரமாட்டன்" என்றாள். அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான். இருபத்திரண்டு வருடத்தில் நாங்கள் பிரிந்திருந்தது, அவள் தமக்கையின் பிள்ளைப்பேற்றுக்குப் போன ஒன்பது நாள் மட்டும். அந்த ஒன்பது நாளும் நான் பாணும் வாழைப்பழமும் தின்று உயிர் பிழைத்தவன். வேலை குறைவதுகூட எனக்குப் பெரிதில்லை அண்ணர், அவள் இல்லாத ஒரு குசினியை நினைக்கத்தான் முடியவில்லை.

சரி, சுட்டுப் பழகினால் முடிந்தது என்று துவக்கைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் விஷயம் விளங்கிற்று. அது யாரோ ஒரு வெள்ளைக்கார நேவிக்காரனுடைய கைக்குச் செய்த சாமான். பிடி இரண்டு பக்கமும் வயிறு தள்ளி நிற்கிறது. என் கை எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும்தானே, சிறு வயதில் போத்தலுக்குள் விழுந்த விளையாட்டுப் போளையை என் கையை விட்டுத்தான் எடுப்பிப்பீர்கள். என் உள்ளங்கை முழுவதும் அந்தப் பிடியைச் சுற்றிப் போவதற்கே செலவாகிவிடுகிறது, விரலுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஆள்காட்டி விரல் விசைக்கு எட்டாது. எட்ட வேண்டுமென்றால் கையைப் பக்கத்தால் திருப்ப வேண்டும். திருப்பினால் துவக்கின் முதுகு உள்ளங்கையில் இருக்காமல் பெருவிரல் மூட்டில் வந்து குந்திக்கொள்ளும். இந்த நிலையில் ஸ்டோருக்குப் பின்னால், கடலைப் பார்த்து முதல் வெடி வைத்தேன். உதை முழுவதும் பெருவிரலுக்கு, துவக்கு வலது பக்கம் திரும்பி வானத்தைப் பார்த்தது. குண்டு போய்த் தண்ணீர்த் தாங்கியில் ஏறிவிட்டது. தாங்கியின் கீழே குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த மனேஜர் ஐயாவுக்குக் காற்சட்டை, சப்பாத்து எல்லாவற்றோடும் ஒரு முழுக்கு. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "சூசைப்பிள்ளை, இவ்வளவு பெரிய கடல் உமக்குக் காணாதோ?" என்று கேட்டார். நான் பெருவிரலை வாயில் வைத்துச் சூப்பிக்கொண்டு நின்றேன்.

என்னோடு வேலை செய்யும் வாச்சர் சின்னராசா நல்ல மனிசன், ஆனால் புத்தி சொல்லத் தொடங்கினால் நிறுத்தமாட்டான். "அண்ணை, பிடி வழுக்குறபடியாத்தான் திரும்புது. சைக்கிள் ரியூப் வெட்டிச் சுத்துங்கோ" என்றான். சுற்றினேன். வழுக்கல் நின்றது உண்மைதான், ஆனால் முன்பு விரல் நுனியாவது தொட்ட விசை இப்போது அடுத்த ஊருக்குப் போய்விட்டது. இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தேன், இரண்டு கையும் நொந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து குண்டில்லாமல் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகிக்கொண்டிருந்தபோது எல்சி வந்து பார்த்தாள். "அகப்பைக் காம்பு மொத்தமெண்டா ஆரும் துணி சுத்துறவங்களோ? சீவத்தானே வேணும்?" என்றாள். இதைச் சொல்லக் கம்பனி முழுவதிலும் ஒரு ஆள் இல்லை பாருங்கள்.

அவள்தான் கிண்ணியாவிலிருந்து ஸெய்னுதீன் ஓடாவியாரைக் கூப்பிட்டாள். தோணிக்குத் துடுப்பும், கோடரிக்கும் வாய்ச்சிக்கும் பிடியும் செதுக்குவதில் அந்தப் பக்கத்தில் அவருக்கு நிகர் இல்லை. மனுசன் லோஞ்சுப் படகில் வந்து இறங்கி, துவக்கைக் கண்டதும் கையைக் கட்டிக்கொண்டார். "துவக்கெண்டா எனக்கி வேணாம் தம்பி. பிடியெண்டா கழட்டித் தாங்க" என்றார். இரண்டு பக்கத்து மரத்தையும் ஆணி கழற்றிக் கொடுத்தேன். நடுவில் இருந்த இரும்பு மெல்லியதுதான், அவ்வளவு வயிறும் அந்த இரண்டு மரத்துண்டுக்கும்தான். நான் அடிமட்டத்தை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "அடிமட்டம் மரத்துக்கு. கைக்குக் கைதான் அளவு" என்றார். அவருடைய வழக்கம் என்னவென்றால், கோதுமை மாவைக் கட்டியாகக் குழைத்து, பிடிக்கப்போகிற ஆளின் கையில் கொடுத்து, ஒரு தரம் பிடிக்கச் சொல்வார். விரல் எங்கே பதிகிறது, உள்ளங்கையின் பள்ளம் எவ்வளவு, எல்லாம் மாவில் கிடக்கும். அதை இரண்டு நாள் நிழலில் காயவைத்து, அதைப் பார்த்துத்தான் மரத்தைச் செதுக்குவார். எல்சி மா குழைத்துத் தந்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பிடி பிடித்தேன். "இருக்கட்டும், சனிக்கிழமை வந்து எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். மாவைத் தட்டில் வைத்து, குசினிச் சுவர்ப் பலகையில் ஏற்றிவிட்டு நானும் வேலைக்குப் போனேன்.

அன்று பின்னேரம் வந்து பார்த்தால் சாப்பாடு ரொட்டியும் கட்டைச் சம்பலும். பசி, நான்கு ரொட்டி தின்றேன். ஐந்தாவதைப் பிய்க்கும்போதுதான் சுவர்ப் பலகையைப் பார்த்தேன். தட்டு வெறுமையாகக் கிடக்கிறது. "எல்சி, என்ர கை எங்க?" என்று கேட்டேன். அவள் என் கையைப் பார்த்தாள், ரொட்டியைப் பார்த்தாள், பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் பிடித்ததை ஓடாவியார் கொண்டுபோய்விட்டார், இது மிச்ச மா என்று நினைத்து எடுத்துப் பிசைந்து சுட்டுவிட்டாளாம். கூப்பன் மாவை வீணாக்க மனம் வராத பெண்ணைக் கட்டியவன் வேறு என்ன செய்வான்? சொந்தக் கையைத் தின்ற மனிசன் இந்தத் திருகோணமலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மறுநாள் விடியவே எனக்கு வேலை, இரண்டு நாள் ஸ்டோரை விட்டு அசைய ஏலாது, கப்பல் வந்து நிற்கிறது. "நீங்கள் போங்கோ, மாவை நான் பார்க்கிறன்" என்றாள். சனிக்கிழமை நான் வந்தபோது ஓடாவியார் காய்ந்த மாவோடு லோஞ்சு ஏறிவிட்டார் என்று சொன்னாள். காலையில் நித்திரைக் கண்ணோடு இன்னொரு தரம் பிடித்துக் கொடுத்திருப்பேனாக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். அலுப்பில் ஒன்றும் நினைவில்லை.

அடுத்த கிழமை அவர் முதிரை மரத்தில் செதுக்கிய பிடியைக் கொண்டுவந்து பூட்டினார். அண்ணர், அதை எழுத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பக்கம் இரண்டும் ஒடுங்கி, உள்ளங்கைப் பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் மேடு வைத்து, நடுவிரல் இருக்க ஒரு குழி விட்டு, கீழே சின்னவிரலுக்கு ஒரு தாங்கல் வைத்திருந்தார். பிடித்ததும் விரல் தானாகப் போய் விசையில் இருந்தது. கை திரும்பவில்லை, மூட்டில் ஒன்றும் குந்தவில்லை. யாரோ என் கையை ஆதரவாகப் பிடித்துக்கொண்டது மாதிரி இருந்தது. ஓடாவியார் என்னை மேலும் கீழும் பார்த்து, "நூறு பேருக்குப் பிடி செஞ்சிரிக்கன் தம்பி. ஆம்புளயள் எல்லாரும் மாவை நசுக்கித்தான் தாறவங்க. அந்தப் பிடியில செஞ்சா மரம் கையைக் கடிக்கும். ஒங்கட மாவில அப்பிடி இல்ல. லேசான பிடி. பயமில்லாத கை" என்றார். அந்தப் "பயமில்லாத கை" என்ற சொல்லை வைத்துக்கொண்டு நான் மூன்று நாள் துறைமுக வீதியில் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சின்னராசாவிடம் இரண்டு தரம் சொன்னேன். பாதரிடமும் சொன்னேன்.

பரீட்சை போன சனிக்கிழமை காலை. மனேஜர் ஐயா குடை பிடித்துக்கொண்டு, தாங்கிக்கு நேர் எதிர்ப்பக்கம் தள்ளி நின்றார். முதல் வெடி கடலுக்குப் போய்விட்டது. எல்சியை நினைத்தேன், கொழும்பை நினைத்தேன், வாழைப்பழத்தை நினைத்தேன். அடுத்த நான்கும் தகரத்தில்! டங், டங் என்று கேட்ட சத்தம் எனக்குக் கோயில் மணிபோல் இருந்தது. ஆறாவது எங்கே போனது என்று யாரும் தேடவில்லை. மனேஜர் ஐயா குடையைச் சுருக்கிவிட்டு வந்து கைதந்தார். "நீர் இஞ்சயே இரும்" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அண்ணர், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

வீட்டுக்கு ஓடிவந்து எல்சியிடம் கையை நீட்டி, "பார், பயமில்லாத கை" என்றேன். அவள் தன் கையையும் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே அளவு. அப்போதுதான் சொல்கிறாள், அன்று மாவைப் பிடித்தது அவளாம். "நீங்கள் விடியவே போயிட்டீங்கள், சனிக்கிழமைக்கு முன்னம் மா காயவேணும், நான் என்ன செய்யிறது? தேங்காய் துருவிற திருவலைப் பிடிக்கிற மாதிரி ஒருக்காப் பிடிச்சுக் குடுத்தனான்." என் கையை நான்தான் தின்றுவிட்டேனே, பிறகு யாருடைய கை என்று நான் ஏன் யோசிக்கவில்லை? போகட்டும். வேலை நிலைத்தது, வீடு நிலைத்தது, சமையல் நிலைத்தது. இன்று காலை முழு வயிற்றோடு நிம்மதியாக இருந்து இதை எழுதுகிறேன். பாதரிடம் மட்டும் இனி என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லுங்கள். மாதா உங்கள் வீட்டையும் வயலையும் தன் போர்வைக்குள் வைத்துக் காக்கட்டும். இந்தக் கதையைக் கந்தளாய்ச் சந்தியில் அவிழ்த்துவிட வேண்டாம்.

உங்கள் கீழ்ப்படிவுள்ள தம்பி,
சூசைப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் மனேஜர் ஐயா ஆள் விட்டுக் கூப்பிட்டார். நான் ஆறில் நாலு அடித்ததை அவர் பெருமையாகக் கொழும்புக்கு எழுதிவிட்டாராம். அங்குள்ள வாச்சர்மாருக்குச் சுடப் பழக்க என்னை உடனே அனுப்பும்படி பதில் வந்திருக்கிறது. இது உயர்வாம், மறுக்க ஏலாதாம். தோற்றிருந்தாலும் கொழும்பு, வென்றாலும் கொழும்பு. வீட்டு வாசலில் அரை மணித்தியாலம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போய் எல்சியிடம் சொன்னேன். அவள் அலுமாரிக்கு மேலிருந்த சூட்கேசை இறக்கித் தூசு தட்டினாள். என்னுடைய இரண்டு சாரத்தை மடித்து வைத்தாள், அதற்கு மேல் தன்னுடைய சேலைகளை வைத்தாள். "வரமாட்டன் எண்டனீர்?" என்று கேட்டேன். "தோத்துப்போய்த் தலை குனிஞ்சுகொண்டு போறதெண்டாத்தான் வரமாட்டன் எண்டனான். அந்தக் கோலத்தில உங்களைப் பார்க்க எனக்கு ஏலாது" என்றாள். வியாழக்கிழமை காலை றெயிலுக்குப் போகிறோம் அண்ணர், இரண்டு பேரும்.