இயல்புக்குப் பத்துக்கு இரண்டு

மனித குலம் இதுவரை மூன்று பெரிய விடுதலைகளைக் கண்டிருக்கிறது. நெருப்பு கிடைத்தபோது குளிரிலிருந்து விடுதலை. சக்கரம் கிடைத்தபோது நடையிலிருந்து விடுதலை. மூன்றாவது, மும்பை லோயர் பரேலில் மூடிப்போன ஒரு துணி மில்லின் இரண்டாம் மாடியில் 'துளி' நிறுவனம் சுற்றறிக்கை எண் பதினேழை வெளியிட்டபோது, சட்டையிலிருந்து விடுதலை.

அந்தக் கூடத்தில் முன்பு ஆயிரம் பேர் துணி நெய்தார்கள். இப்போது நாற்பது பேர் உட்கார்ந்து, தண்ணீர் குடிக்க நேரமாகிவிட்டது என்று ஊரார் கைபேசிகளில் மணியடிக்கிறார்கள். தாகம் எடுப்பதை மனிதன் தானாகக் கண்டுபிடிக்க முடியாத காலத்தில் இது எப்பேர்ப்பட்ட தொண்டு என்று நான் சொல்ல வேண்டியதில்லை, கண்ணுகளே.

சுற்றறிக்கை இதுதான்: 'இந்நிறுவனத்தில் உடைக் கட்டுப்பாடு கிடையாது. அவரவர் அவரவராகவே வரலாம். நாங்கள் உடையைப் பார்ப்பதில்லை. உள்ளே இருக்கும் மனிதரையே பார்க்கிறோம்.' இதோடு நாலு பக்கத்தில் ஓர் இணைப்பும் உண்டு. தலைப்பு: 'அவரவராக வருவது எப்படி.'

என் தொழில் பழைய துணிக்குப் புதுப் பாத்திரம். தலையில் எவர்சில்வர் கூடை, தோளில் துணி மூட்டை. ஞாயிற்றுக்கிழமை புறநகர் டோம்பிவ்லி, வியாழக்கிழமை பணக்காரர்கள் வாழும் நேப்பியன்சீ ரோடு. நாற்பது வருஷமாக இந்த மும்பை கழற்றிப் போட்டதையெல்லாம் கையால் தடவிப் பார்த்திருக்கிறேன். ஆகவே உடை விஷயத்தில் என் சாட்சியம் செல்லும்.

யோகிராஜ் மானேயை டோம்பிவ்லியில், மூன்று பையன்களோடு அவன் குடியிருந்த ஓர் அறை வாசலில் பார்த்தேன். இருபத்திமூன்று வயது. சோலாப்பூர் பக்கம் பார்ஷி ஊர்ப் பையன். ஆறு சட்டைகளை மடித்து, மேலே ஒரு செய்தித்தாளும் போட்டு, படையல் மாதிரி என் முன்னால் வைத்து, மராத்தியில் சித்தி முறை சொல்லிக் கூப்பிட்டான்.

"மாவ்ஷி, இதையெல்லாம் எடுத்துக்குங்க."

பிரித்துப் பார்த்தேன். முழுக்கை. தையல் எறும்பு வரிசை மாதிரி. கழுத்துக்குள்ளே 'நியூ பாம்பே டெய்லர்ஸ், பார்ஷி' என்று பட்டை. பைக்கு உட்புறம் சிவப்பு நூலில் 'யோ' என்று சின்னதாக ஓர் எழுத்து.

"வீட்டுல யாராவது தவறிட்டாங்களாப்பா? இவ்வளவு நல்ல துணி அப்பத்தான் எங்கிட்ட வரும்."

"யாரும் தவறல மாவ்ஷி. எங்க மாமா தச்சது. ஆபீஸ்ல ஒத்துக்கல."

"கழட்டச் சொல்லிட்டாங்களா?"

"அப்படிச் சொன்னாக்கூடப் பரவால்ல. உன் இஷ்டம்னு சொல்றாங்க. அதான் பயமா இருக்கு."

விவரம் மெல்ல வந்தது. 'துளி'யில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவன் மாமாவின் சட்டையை இஸ்திரி போட்டு, பேன்ட்டுக்குள் செருகி, பெல்ட் கட்டிக்கொண்டு போயிருக்கிறான். எட்டு ஐந்து லோக்கல் ரயிலில் ஏறி தாதரில் இறங்கினால் மனிதனே கசங்கிவிடுவான். மாமாவின் சட்டை கசங்காது. அந்த நிறுவனத்தில் 'ஆனந்த அதிகாரி' என்று ஒரு பதவி இருக்கிறது. கிஞ்சல் என்ற பெண் வகிக்கிறாள். அவள் இவனை மேலும் கீழும் பார்த்து, "யோகி, லோன் கேக்க வந்தியா?" என்றாளாம். நாற்பது பேரும் ஆனந்தமாகச் சிரித்திருக்கிறார்கள்.

மாதா மாதம் 'இயல்பு' என்ற தலைப்பில் பத்துக்கு மதிப்பெண் உண்டு. ஆறாவது மாதம் ஏழு வாங்கினால் வேலை நிரந்தரம். இவனுக்கு முதல் மாதம் இரண்டு.

"வேலை நிக்கலன்னா?"

"மாமா கடை போர்டை மாத்திட்டாரு மாவ்ஷி. 'மும்பை ஆபீசர்களின் தையற்காரர்'னு பெயின்ட்ல எழுதி வெச்சிட்டாரு. நான் திரும்பிப் போய் இறங்கினா அந்த போர்டுக்கு எதிர்லதான் பஸ் நிக்கும்."

ஆறு சட்டைக்கு ஒரு டம்ளர் என்று ஆரம்பித்தேன். சரி என்றான். பேரம் பேசாத வாடிக்கையாளரை எங்கள் தொழிலில் நாங்கள் மன்னிப்பதில்லை. நானே எனக்கு எதிராகப் பேரம் பேசி, கடைசியில் மூடி போட்ட பெரிய டப்பா ஒன்றைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அந்த ஆறையும் பாந்த்ராவில் ஒரு கடைக்காரன் என்னிடம் வாங்கிக்கொண்டான். பழைய துணியைக் கண்ணாடிக்குப் பின்னால் விளக்குப் போட்டு மாட்டி, அதை இன்னும் பழசு என்று சொல்லி விற்கும் உயர்ந்த கடை அது.

அடுத்த மாதம் யோகி இணைப்பின் முதல் பக்கப்படி வெள்ளை டி-ஷர்ட் வாங்கிப் போட்டுக்கொண்டு போனான். மூன்று மதிப்பெண். குறிப்பு: 'புதிதாகத் தெரிகிறது. புதுமை முயற்சியின் அடையாளம். முயற்சி இயல்புக்கு எதிரி.' அதற்கடுத்த மாதம் அதையே ஏழு முறை துவைத்து, ஏழு முறையும் பழக்கதோஷத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டு போனான். மறுபடி மூன்று. நாலாம் மாதமும் அதே மூன்று. வந்து என் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பழசா இருக்கணுமாம் மாவ்ஷி. ஆனா ஏழை வீட்டுப் பழசா இருக்கக் கூடாதாம். எப்படிக் கண்டுபிடிக்கறது?"

இதை அவன் முதலிலேயே என்னிடம் கேட்டிருக்கலாம். இல்லாதவன் வீட்டுத் துணி என்னிடம் தைத்து வரும். இருப்பவன் வீட்டுத் துணி கிழிந்தே வரும். மூட்டையிலிருந்து ஒரு சாம்பல் நிற டி-ஷர்ட்டை எடுத்தேன். நேப்பியன்சீ ரோட்டில் ஓர் அம்மாள் தந்தது. மழையில் நனைந்த பூனை நிறம். கழுத்துக்குக் கீழே ஓர் ஓட்டை.

"ஓட்டை இருக்கே. தச்சுக்கட்டுமா?"

"கைய வெக்காதே. மார்க்கே அதுலதான்."

வாசற்படியில் நான் இனாம் கொடுப்பதில்லை. துணிக்குப் பொருள், பொருளுக்குத் துணி, பணம் கிடையாது. அவனிடம் இருந்ததோ அந்த டப்பா ஒன்றுதான். அதன் மூடியை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

ஐந்தாம் மாதம் யோகிக்கு எட்டு மதிப்பெண். கிஞ்சல் எழுதியிருந்தாள்: 'யோகி தன்னைக் கண்டடைந்துவிட்டார்.' அவன் அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு மாமாவுக்குப் போன் போட்டான். மாமா, எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாங்கினாய் என்று கேட்டிருக்கிறார். நீலக் கோடு போட்டது என்று இவன் பொய் சொன்னான்.

ஆறாம் மாதத்துக் கடைசி மதிப்பீட்டை நிறுவனர் நேரில் செய்வார். பெயர் விஹான் தலால். வயது இருபத்தாறு. இமயமலைச் சாரலில் இரண்டு மாதம் பேசாமல் இருந்துவிட்டு அன்றுதான் பேசத் திரும்பியிருந்தார். அது ஒரு வியாழக்கிழமை. நான் நேப்பியன்சீ ரோட்டில் கூடையை இறக்கியபோது கைபேசி அடித்தது.

"மாவ்ஷி, உடனே ஆபீசுக்கு வாங்க. என்னைத் திருடன்கறாங்க."

போனேன். வாசலில் காவலர் கதம் நின்றார். தொப்பி, டை, கறுப்பு ஷூ, முழுக்கை. அந்தக் கட்டடத்திலேயே ஒழுங்காக உடுத்தியிருந்த ஒரே மனிதர்.

"மாவ்ஷி, இங்க டிரெஸ் கோட் கிடையாது. ஆனா இப்படியே உள்ள விட முடியாது."

"இருக்கா, இல்லையாப்பா?"

"உள்ள இருக்கறவங்களுக்குக் கிடையாது. உள்ள வர்றவங்களுக்கு உண்டு."

"உனக்கு?"

"நான் வாசல்ல நிக்கறவன். எனக்கு டையோட உண்டு."

மேலேயிருந்து கிஞ்சல் போன் செய்து என்னை அனுப்பச் சொன்ன பிறகுதான் அந்த விடுதலை பெற்ற பூமியில் என் செருப்பு பட்டது.

கண்ணாடி அறை. மேசைக்கு இந்தப் பக்கம் யோகி, ஓட்டை டி-ஷர்ட்டில். அந்தப் பக்கம் கிஞ்சலும் நிறுவனரும். அவர் போட்டிருந்தது நீலக் கோடு போட்ட முழுக்கைச் சட்டை. தோள் ஒரு விரல்கடை இறங்கி, கை தாறுமாறாக மடிந்து, கீழே வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. எறும்பு வரிசைத் தையலை நான் மறப்பேனா.

"இந்த டி-ஷர்ட் என்னோடது" என்றார் விஹான். "அந்த ஓட்டை எனக்குத் தெரியும். கம்பெனிக்கு முதல் முதலீடு கிடைச்ச அன்னிக்கு நான் போட்டிருந்தது. என் ராசி டி-ஷர்ட். மலைக்குப் போறதுக்கு முன்னாடியே தேடினேன்."

"உங்க அம்மாவுக்குப் போன் போட்டுக் கேளுங்க சேட்" என்றேன். "நாலாம் நம்பர் கடாய் குடுத்து வாங்கினேன். கண்ணாடி மூடியோட."

போன் போட்டார். அம்மாள் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"ஜம்னாவா? ஆமா, நான்தான் குடுத்தேன். தரை துடைக்க வெச்சிருந்தேன், கேட்டா, குடுத்துட்டேன். ஏன்டா, அவ அங்கயா இருக்கா? அந்த மூடி சரியாவே உக்காரலன்னு சொல்லு."

திருட்டு வழக்கு அத்தோடு தள்ளுபடி ஆனது. ராசி மட்டும் பாக்கி.

"எவ்வளவு வேணும்?" என்று விஹான் கேட்டார்.

"பணம் வாங்கறதில்ல சேட். பொருளுக்குத் துணி, துணிக்குப் பொருள். அந்தப் பையன் சம்மதிச்சு ஏதாவது மாத்திக்கணும்."

யோகி நீலக் கோட்டையே பார்த்தபடி நின்றிருந்தான். இப்போது மெதுவாகச் சொன்னான்: "சார் போட்டிருக்கறதைக் குடுக்கட்டும். அது என் சட்டை."

"இதா? இது வின்டேஜ். பாந்த்ராவுல வாங்கினேன். நியூ பாம்பே டெய்லர்ஸ்னு ஒரு பழைய பெரிய ஹவுஸ். தச்ச கலைஞர் இப்ப உயிரோட இல்லன்னு சொன்னாங்க."

"நேத்து ராத்திரிகூட போன்ல சாப்பிட்டாச்சான்னு கேட்டாரு சார். பை உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. எங்க அம்மா போட்ட எழுத்து இருக்கும்."

திருப்பிப் பார்த்தார். சிவப்பு நூலில் 'யோ' இருந்தது. இரண்டு மாத மௌனத்தில் கூட அவர் அவ்வளவு அமைதியாக இருந்திருக்க மாட்டார்.

ராசி பெரியது. விஹான் பொத்தான்களைக் கழற்றினார். யோகி டி-ஷர்ட்டைத் தலைவழியாக உருவினான். ஒரு நிமிஷம் நிறுவனரும் பயிற்சிப் பணியாளரும் வெற்று மார்போடு எதிரெதிரே நின்றார்கள். கண்ணாடிக்கு வெளியே நாற்பது பேரும் எழுந்து நின்று பார்த்தார்கள். சுற்றறிக்கை எண் பதினேழு எழுத்துக்கு எழுத்து நிறைவேறிய நிமிஷம் அது. துணி இல்லாதபோது இரண்டு பேரில் யார் முதலாளி என்று எனக்கே சட்டென்று தெரியவில்லை.

பிறகு உடுத்திக்கொண்டார்கள். யோகி மேல் பொத்தான்வரை போட்டு, கைப்பட்டையைப் பூட்டி, சட்டையைப் பேன்ட்டுக்குள் செருகினான். மாமாவின் அளவு ஒரு நூல் பிசகவில்லை.

விஹான் தலையசைக்க, கிஞ்சல் மதிப்பெண் தாளை எடுத்தாள். அலுவலகத்தில் வேலை நிற்கக் கூடாது அல்லவா.

"யோகி, சாரி. மறுபடி ஃபார்மலா வந்துட்ட. ரெண்டு."

"காலையில சாருக்கு இதே சட்டைக்கு எவ்வளவு போட்டீங்க?"

"பத்து. ஆனா அது அவர் மேல ஒரு ஸ்டேட்மென்ட் மாதிரி இருந்துச்சு."

"என் மேல?"

கிஞ்சல் நேர்மையான பெண். நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உன் மேல சட்டை மாதிரி இருக்கு."

விஹான் தாராள மனம் படைத்தவர். ஓட்டைக்குள் விரலை விட்டு ராசியைத் தடவிக்கொண்டே, "வேலையை விட்டு எடுக்க வேணாம். இன்னும் ஆறு மாசம் டைம் குடுப்போம். அவன் அவனா ஆகட்டும்" என்றார்.

"அதுவரைக்கும் நான் யாரா இருக்கட்டும் சார்?" என்றான் யோகி.

கிஞ்சல் இணைப்பின் நாலு பக்கத்தையும் புரட்டத் தொடங்கினாள். அவன் கழுத்தில் மாட்டியிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தான். என் கூடையைத் தானே தூக்கிக்கொண்டான். படியிறங்கும்போது நீலக் கோடு கசங்கும் என்று சொன்னேன். கசங்காது மாவ்ஷி என்றான்.

வாசலில் கதம் அவனைப் பார்த்ததும் குதிகால் சேர்த்து ஒரு சல்யூட் வைத்தார். ஐந்து மாதமாக ஓட்டையும் வெள்ளையுமாக அவனை உள்ளே விட்டவர். "சார் புதுசா சேர்ந்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றான் யோகி. "இப்பத்தான் வெளியே வர்றேன்."

கூடையிலிருந்து டப்பாவின் மூடியைத் தேடி எடுத்து அவன் கையில் வைத்தேன். மீதி ஐந்து சட்டைகளும் பாந்த்ராவில், உயிரோடு இருக்கும் காலஞ்சென்ற கலைஞரின் படைப்புகளாக விளக்கு வெளிச்சத்தில் தொங்குகின்றன. பார்ஷியில் அந்த போர்டுக்கு எதிரேதான் பஸ் நிற்கிறது. அவன் இன்னும் போய் இறங்கவில்லை. வேறு வேலை தேடுகிறான்.

இதைக் கேட்டுவிட்டு அந்த நிறுவனத்தை யாரும் குறைவாக எடை போட வேண்டாம். நான் என் கண்ணால் பார்த்த சாட்சி. அந்தச் சுற்றறிக்கையில் ஒரு சொல் பொய் இல்லை, கண்ணுகளே. அங்கே யாரும் உடையைப் பார்ப்பதில்லை. உள்ளே இருப்பது யார் என்று மட்டும்தான் பார்க்கிறார்கள்.