அந்தமானில் கறந்த பால்

"ஹே... ஹே... நில்லு கண்ணு! அம்மா இங்கதான இருக்கறன். ஒதைக்காதடி தங்கம்!"

அந்தமானில் ஒரு தீவு. முழங்கால் ஆழக் கடல். ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, செல்போனைப் பார்த்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாள் எழிலரசி. பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த வடநாட்டு இளஞ்ஜோடி, பேரக்குழந்தையாக்கும் என்று ஆசையோடு எட்டிப் பார்த்தது. திரையில் ஒரு மாட்டின் காதும் மூக்கணாங்கயிறும் தெரிந்தன. ஜோடி மரியாதையாக விலகிப் போய்விட்டது.

"எறங்குச்சா கலை?" என்றாள் எழிலரசி.

"எங்கக்கா! உங்க பழைய நைட்டியத்தான் போட்டுட்டு உக்காந்திருக்கறன். கைய வெச்சாலே பாலை அடக்கிக்குது," என்றது போன்.

காரிமங்கலத்துப் பக்கம் எழிலரசியைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் மாடு சுந்தரியைத் தெரியாதவர்கள் கிடையாது. எழிலரசியின் கை பட்டால்தான் சுந்தரி பால் விடும். இது எழிலரசியே ஊருக்குச் சொன்னது. இதைச் சொல்லிச் சொல்லியே அவள் தாய்வீட்டுத் திருவிழாவுக்குக்கூட ராத்தங்கலாகப் போனதில்லை. ஒருமுறை கணவர் வெங்கடாசலம் கறக்கப் போய், முட்டி வீங்கி வந்து படுத்தார். "எங்கிட்ட மட்டும்தாங்க அதுக்கு உசுரு" என்று அதையும் தெருவுக்கே பெருமையாகச் சொன்னாள். சும்மா சொல்லக்கூடாது, அவளைப்போல மாட்டைப் பார்த்துக்கொள்ள இன்னொருத்தி பிறந்துதான் வர வேண்டும்.

அப்படிப்பட்டவளை விமானத்தில் ஏற்றிய பெருமை மகள் காவியாவுக்கு. பெங்களூரில் வேலை. அப்பா அம்மாவைக் கேட்காமலே டிக்கெட் போட்டுவிட்டு, "கேன்சல் பண்ணா பணம் வராது" என்று ஒரே போடு போட்டாள். எழிலரசி வாழ்நாளில் பார்த்த பெரிய தண்ணீர் கிருஷ்ணகிரி டேம்தான். கடலில் தலை முங்க ஒரு முழுக்குப் போட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அதனால்தான் அரைமனதாகக் கிளம்பினாள். மாட்டை எதிர்வீட்டுக் கலைமதியிடம் ஒப்படைத்தபோது, பெண்ணைக் கட்டிக்கொடுப்பவள்போல அழுதாள்.

கலைமதி லேசுப்பட்டவள் இல்லை. எதிர்வீட்டுக் குழம்பை வாசனையிலேயே இன்னதென்று சொல்லிவிடுகிறவள். ஆனால் கைராசிக்காரி.

முதல் நாள் குரல் போதும் என்றாள். அதனால் எழிலரசி விடியற்காலையில் ஓட்டல் வராந்தாவில் நின்று "ஹே ஹே" போட்டாள். மேல்மாடியில் தூங்கியவர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள்.

அன்று சாயங்காலமே கலைமதி பேச்சை மாற்றிக்கொண்டாள். "சத்தம் மட்டும் கேட்டா உங்களத் தேடுதுக்கா. மொகத்தக் காட்டுங்க."

முகத்தைக் காட்டினாள்.

"இப்ப உங்க மூஞ்சியவே பாத்துட்டு நிக்குது. கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்க. சத்தம் மட்டும் குடுங்க."

எழிலரசி போனைக் கடல் பக்கம் திருப்பினாள். பச்சையும் நீலமுமாகத் தண்ணீர், வெள்ளை வெளேரென்று மணல், சாய்ந்து நின்ற ஒரு தென்னை.

"எறங்குதுக்கா! சர்ரு சர்ருன்னு எறங்குது! அப்படியே புடிங்க, ஆட்டாதீங்க!"

"யாரோ 'அடேங்கப்பா'ன்னாங்களே?"

"நாந்தாங்க்கா. பாலப் பாத்துட்டு."

"அது யாரு இருமுறது?"

"மாடுதான். தூசி."

எழிலரசிக்குக் கண் கலங்கியது. இரவு வெங்கடாசலத்திடம், "பாருங்க, நான் பாக்கற கடலத்தான் அதுவும் பாக்கணும்னு நெனைக்குது" என்றாள்.

"ஆமாமா, அதுக்கும் ஒரு டிக்கெட் போட்டிருக்கலாம்," என்று அவர் போர்வையை இழுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் சுந்தரியின் ரசனை ஏறிக்கொண்டே போனது. நேற்றுப் பார்த்த இடத்தையே இன்றும் காட்டினால் முரண்டு பிடித்தது. ஆகவே எழிலரசி கரையோரமாக நடந்தாள். பிறகு படகுத்துறைக்கு ஓடினாள். அங்கே சாயங்காலம் சீக்கிரமே இருட்டிவிடும். "இருட்டுனா மாடு மெரளுதுக்கா, நேரத்தோட காட்டுங்க" என்று கலைமதி சொல்ல, எல்லோரும் சாப்பிடுகிற நேரத்தில் எழிலரசி சோற்றுக் கையோடு எழுந்து போனாள். முழுக்குப் போடலாம் என்று தண்ணீரில் இறங்கினால் போன் அடித்தது. போனை நனைக்க முடியுமா? முழங்காலோடு நின்றுவிட்டாள்.

"அம்மா, நீ லீவுக்கு வந்திருக்கியா, கறவைக்கு வந்திருக்கியா?" என்றாள் காவியா.

"வாயில்லா ஜீவன் பாப்பா. பால் தங்குனா மடி வீங்கிரும். அப்பறம் அது பொழைக்குமா?"

கண்ணாடிப் படகில் போனபோதுதான் விவகாரம் முற்றியது. படகின் அடியில் கண்ணாடி. அதற்குக் கீழே பவளமும் மீன்களும். எல்லோரும் குனிந்தார்கள். சரியாக அப்போது கலைமதி கூப்பிட்டாள். எழிலரசி கண்ணாடிமேல் குப்புறப் படுத்து, போனை அதில் ஒட்டவைத்து, "ஹே... ஹே... இந்தா பாரு கண்ணு, மீனு" என்று ஆரம்பித்தாள். மற்றவர்களுக்கு மீன் தெரியவில்லை. எழிலரசியின் முதுகுதான் தெரிந்தது. ஒரு பெரியவர் இந்தியில் கத்தினார். படகுக்காரர் வங்காளியில் கத்தினார். வெங்கடாசலம் இரண்டு பேருக்கும் தமிழில் மன்னிப்புக் கேட்டார். எழிலரசிக்குப் பாதி மீன்கூடக் கண்ணில் படவில்லை. போன் சரியாகப் பிடித்திருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் மெதுவாக்கா! அந்தக் கோடு போட்ட மீனு—" என்றாள் கலைமதி. சிக்னல் போய்விட்டது.

கரைக்கு வந்தும் வரவில்லை. எழிலரசி மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"போதுங்க. நாளைக்கே டிக்கெட்ட மாத்துங்க. அங்க அது மடி வீங்கிச் செத்துருச்சுன்னா, நான் கடல் பாத்தது என் ஆயுசுக்கும் உறுத்தும்."

காவியா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிப்பி பொறுக்கப் போனாள். பொறுக்குகிறவள் அடிக்கடி கண்ணைத் துடைக்க மாட்டாள். அதைப் பார்த்த வெங்கடாசலத்துக்கு மனசு கேட்கவில்லை; எழிலரசியையும் கூட்டிக்கொண்டு படகுத்துறைவரை நடந்து, சிக்னல் கிடைத்ததும் கலைமதியைக் கூப்பிட்டு எழிலரசியின் கையில் கொடுத்தார்.

"கலை, நான் நாளைக்கே வந்தர்றன்."

"ஐயோ, வேண்டாங்க்கா!" கலைமதி அலறியே விட்டாள். "மாடு நல்லாருக்குது! நீங்க இருந்து எல்லாத்தையும் பாத்துட்டு நிதானமா வாங்க. நாளான்னைக்கு இன்னொரு பீச்சுக்குப் போறம்னீங்களே, அத விட்டுறாதீங்க. நானாச்சு, மாடாச்சு!"

எழிலரசி போனை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "பாத்தீங்களா? ஒதை வாங்கிட்டு, எனக்கோசரம் இருங்கறா. கூடப்பொறந்தவகூட இப்படிச் சொல்ல மாட்டா." அன்றே கடைத்தெருவுக்குப் போய், காவியாவுக்கு வாங்கியதைவிடப் பெரிதாக ஒரு முத்துமாலை கலைமதிக்கு வாங்கினாள்.

கடைசி நாள், கடைசி பீச். கறவை நேரம். காவியா அம்மாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"உன்னைய நான் போன்ல புடிக்கறன். சுந்தரி உன்னப் பாத்துட்டே கறக்கட்டும். நீ போய் முங்கும்மா!"

எழிலரசி தயங்கித் தயங்கி இறங்கினாள். இடுப்பு, மார்பு, கழுத்து. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே முழுக்கு. எழுந்தபோது தலைமுடி முகத்தில் ஒட்டியிருந்தது, வாயெல்லாம் உப்பு. சின்னப்பிள்ளைபோல அவள் சிரித்த சிரிப்பை வெங்கடாசலம் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. இதைச் சொல்வதில் வெட்கமென்ன, பார்த்தவர்கள் எல்லோருக்கும் அது அழகாகத்தான் இருந்தது.

அதே நொடியில் போனில் தடதடவென்று ஒரு சத்தம். ஏதோ உருண்டது. திரை கூரையைக் காட்டியது.

"அக்கா! ஒதைச்சிருச்சுக்கா! பால் குண்டா கவுந்துருச்சு! ஒரு சொட்டு மிச்சமில்ல!"

எழிலரசி நனைந்த கோழியாகக் கரையேறினாள். விஷயம் அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. "நான் தண்ணிக்குள்ள காணாமப் போனதும் பயந்துருச்சுங்க. அந்த ஒரு நொடியக்கூட அதால தாங்க முடியல." விமானத்தில் மேகத்துக்கு மேலேயும், பெங்களூரில் இறங்கி ஓசூர் தாண்டும்வரையும் அதையே சொல்லிச் சொல்லி மூக்கைச் சிந்தினாள்.

வீட்டுக்குள் போகாமல் நேராக மாட்டுக் கொட்டாய்க்கு ஓடினாள். சுந்தரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வைக்கோலை மென்றுகொண்டிருந்தது. "கோவம்," என்றாள் எழிலரசி.

மறுநாள் காலையில் தானே கறந்து, தானே பால் சொசைட்டிக்கு எடுத்துப் போனாள். பால் அளக்கிற தங்கராஜ் எழுந்து நின்று வரவேற்றான்.

"மனசுல வெச்சுக்காதீங்க தம்பி," என்றாள் எழிலரசி. "நான் போனதுல இருந்து எங்க சுந்தரி பாலே சரியா ஊத்தியிருக்காது. கடைசி நாள் நான் முங்கினதப் பாத்து ஏங்கிப்போயி, குண்டாவையே ஒதைச்சுக் கவுத்துருச்சு."

தங்கராஜ் தலையைச் சொறிந்தான்.

"ஏக்கமெல்லாம் இல்லீங்க்கா. கலையக்கா தெனமும் மொதல்ல முழுசாக் கறந்து வெச்சுட்டுத்தான் உங்களுக்குப் போனே போடுவாங்க. அன்னைக்கு நீங்க முங்கி எந்திரிச்சதும் கொட்டாயில உக்காந்து போன்ல கடல் பாத்துட்டிருந்த தெருசனம் மொத்தமும் கை தட்டிட்டோம் பாருங்க, அதுலதான் மெரண்டுருச்சு!"